அறை எண் நூற்றொன்று

நூறு என்று ஓர் அறை அங்கே இல்லை.
நூற்றிரண்டும் இல்லை.
லிவிங்ஸ்டனில், சோளமூட்டைக் கிடங்காக இருந்த கொட்டகையில்
பலகை அடித்துத் தடுத்த ஒற்றை அறை.
எண் மட்டும் பித்தளையில் மின்னும்.

உள்ளே ஒரு கட்டில், யாரும் தூங்காதது.
ஒயர் இல்லாத தொலைபேசி.
திரையை விலக்கினால் செங்கல் தெரியும் ஜன்னல்.
ஆறு மாதம் இதற்குள்தான்
ஓட்டல் வேலை பழகினோம், பதினான்கு பேர்.

விரிப்பின் மூலையைத் தபால் உறைபோல் மடிக்க வேண்டும்.
மடித்து, இழுத்து, நீவிய பிறகு
மிஸ் நமுகோலோ சாக்பீஸ் டப்பாவிலிருந்து
ஒரு குவாச்சா காசை எடுத்து அதன்மேல் எறிவார்.
துள்ளினால் தேர்ச்சி.
சும்மா கிடந்தால் உருவிப் போட்டு மறுபடி.

வைன் என்று ஊற்றியது ஆறிப்போன கறுப்புத் தேநீர்.
வலப்பக்கம் நின்று ஊற்று,
கடைசிச் சொட்டைத் திருகி நிறுத்து,
முகத்தைப் பார், தட்டைப் பார்க்காதே.
(தட்டைப் பார்க்காதிருப்பதுதான் கடினம்,
காலையில் சாப்பிடாமல் வந்தவர்களுக்கு.)

புதன்கிழமைகளில் எங்களில் ஒருவர் விருந்தாளி.
குறை சொல்வதுதான் அவர் வேலை.
சிபெகோ கால்மேல் கால் போட்டு
'ஷவரில் தண்ணீர் வேகம் போதவில்லை' என்றாள்.
'மன்னிக்க வேண்டும் மேடம், உடனே...' என்று தொடங்கிய முடிண்டா
முடிக்க முடியாமல் சிரித்தாள். நாங்களும்.
அன்று விடியுமுன் நாலு மணிக்கு
மரம்பா பொதுக்குழாயடியில் இருவரும்
ஒரு மஞ்சள் கேனுக்காகக் கட்டிப் புரண்டிருந்தார்கள்.
ஊருக்கு மேலே ராப்பகலாய் நிற்கும் புகை
நெருப்பின் புகை அல்ல, அருவித் தண்ணீர்.
அதைப் பார்க்க விமானம் ஏறி வருகிறார்கள்.
எங்கள் குழாய்வரை அது வந்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு புதன், லுபிண்டாவின் முறை.
பஸ் நிலையத்தில் யாருடைய கபெண்டா மூட்டைக்கோ
இரவெல்லாம் காவல் இருப்பவன் அவன்.
எவ்வளவு சோப்புப் போட்டாலும் கருவாடு காட்டிக்கொடுக்கும்.
நாங்கள் யாரும் மூக்கைத் தொட்டதில்லை.

'டாக்டர் லுபிண்டா, ஆஸ்லோவிலிருந்து, இரண்டு இரவு.'
இல்லாத பாஸ்போர்ட்டை நீட்டினான்.
இல்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன்,
கனமாக இருப்பதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து.
கதவு மூடியது.
வயரற்ற தொலைபேசிக்கு
அவன்தான் வாயால் 'ட்ரிங்' சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.
ஐந்து நிமிடம். பத்து.
தட்டேந்திப் போய் மூன்று முறை தட்டினேன், பாடப்படி.
திறந்தால், வாய் பிளந்து கிடக்கிறான்.
ஷூக்களை ஜோடி சேர்த்து வைத்திருக்கிறான்.
ஒரு கை கட்டிலுக்கு வெளியே,
எதையோ காவல் காப்பதுபோல் தரையைத் தொட்டபடி.

மிஸ் வங்கிக்குப் போயிருந்தார்.
எழுப்பலாமா என்று கேட்டவனை
சிபெகோ ஒரு பார்வை பார்த்தாள்.
முடிண்டா இழுப்பறையைத் துழாவி
'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை எடுத்தாள்.
அதன் பிளாஸ்டிக் உறை அதுவரை பிரிக்கப்படவில்லை.
பல்லால் கிழித்து, கைப்பிடியில் மாட்டினாள்.

மிஸ் திரும்பி வந்தார்.
அட்டையைப் படித்தார். எங்களைப் பார்த்தார்.
அட்டையை இன்னொரு முறை படித்தார்.
நாப்கின் மடிக்கும் வகுப்பு அன்று
வெளியே, லாரி நிழலில் நடந்தது.

நாலு மணி நேரம்.
காலரைச் சரிசெய்தபடி வரவேற்புக்கு வந்தான்.
'தூக்கம் எப்படி இருந்தது, சார்?'
நூறு தடவை ஒப்பித்த வாக்கியம்.
முடிண்டாவுக்கு அன்று பதில் தேவையாக இருந்தது.
அவன் சற்று யோசித்து,
'தலையணை கொஞ்சம் உயரம்' என்றான்.

கலைந்த படுக்கை ஒன்றை
அன்றுதான் நிஜமாகப் பார்த்தோம்.
இன்னும் சூடு இருந்தது. கருவாட்டு வாசம் இருந்தது.
தலையணைக்கு அடியில்,
காலைத் தேர்வில் துள்ளி மறந்துபோன
பள்ளிக்கூடத்தின் ஒரு குவாச்சா:
டிப்ஸ்.

முடிண்டா அதைத் திருப்பித் தரவில்லை.
சரக்குப் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது அந்த வரி:
காசு, ஒன்று. காணவில்லை.